மாடிப்படிக்கு அடியில் பூனைக்குட்டிகள்

கேள்வி: எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய செய்தித்தாள் கட்டின் மேல் தெருப்பூனை ஒன்று மூன்று குட்டிகளைப் போட்டிருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக மகள் வந்திருக்கிறாள். பூனை முடி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லும் என் மாமியார், எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவரச் சொல்கிறார். வீட்டில் நாயும் உண்டு. என்ன செய்வது? — வாசகி, கும்பகோணம்

பதில்: சாக்கு வேண்டாம். பழகாத இடத்தில் மிரண்டுபோன தாய், குட்டிகளை விட்டுவிட்டு ஓடிவிடக்கூடும். பால் இல்லாமல் அவை வெகுநேரம் தாங்கமாட்டா. பட்டினியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

உங்கள் மாமியாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டியது முடியை அல்ல, மலத்தை. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி முதன்முறையாகத் தொற்றிய பூனை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை அதன் நுண்ணிய முட்டைகளைத் தன் மலத்தில் வெளியேற்றும். அம்முட்டைகள் பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும் என்பதால், மகளைத் தவிர வேறு யாராவது கையுறை அணிந்து அன்றாடம் மலத்தை அகற்றிவிட்டால் ஆபத்து பெருமளவு குறைந்துவிடும். பூனையே இல்லாத வீட்டிலும் அரைவேக்காட்டு இறைச்சி, சரியாகக் கழுவாத கீரை ஆகியவற்றின் வழியாக இத்தொற்று வரலாம். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை!

தாய்க்குப் பால் வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கில்தான் முடியும். உப்புக் காரமின்றி வேகவைத்து முள் நீக்கிய மீனும் தண்ணீரும் போதும். தட்டைக் குட்டிகளிடமிருந்து சற்றுத் தள்ளியே வையுங்கள். சிந்திய மீனுக்கு வரும் எறும்புகள் கண் திறக்காத குட்டிகளையும் மொய்த்துவிடும். அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால், பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு உங்கள் சமையலறைப் பரணுக்கே குடிபெயரலாம்.

நாயைச் சில வாரங்களுக்கு அப்பக்கம் விடாதீர்கள். நாய்க்கென விற்கப்படும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனையின் உயிரையே பறிக்கக்கூடியவை. அவற்றைப் பூனைக்குப் போடவே கூடாது.

குட்டிகள் எட்டு வாரம் வரை தாயோடு இருக்கட்டும். அவை பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். பாலூட்டும்போதே பூனை மீண்டும் சினையாகும். சினைக்காலமோ ஏறத்தாழ ஒன்பது வாரங்கள்தான். இதை மட்டும் தள்ளிப்போட்டால், அடுத்த ஈற்றுக்கும் அதே செய்தித்தாள் கட்டு தேவைப்படும்.

கேள்வி: மொட்டை மாடிக்கு வரும் பூனைக்குச் சோறு வைத்தபோது புறங்கையில் கீறிவிட்டது. கடிக்கவில்லை என்பதால் மஞ்சள் மட்டும் பூசினேன். ஊசி தேவையா? — வாசகர், மதுரை

பதில்: தேவை. வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பூசாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவுவதே முதல் மருத்துவம். இரத்தம் கசியாத கீறலுக்குத் தடுப்பூசி போதும். இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்த வேண்டும். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது. கீறல் ஆறிவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும், இன்றே போய்த் தொடங்குங்கள்.