ஐந்து கம்பியில் எட்டு மாதம்

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகளுக்கு அடுத்த மாதம் 15 வயது முடிகிறது. மூன்று வருஷமாகச் சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறாள். இந்தப் பிறந்தநாளுக்கு அவளுக்குத் தெரியாமல் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வைத்து அசத்த வேண்டும் என்று ஆசை. எனக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையா, லெஸ் பால் வகையா என்று இரண்டு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன். ஆம்ப் எத்தனை வாட் வாங்குவது? 100 வாட் வாங்கினால் நாளைக்கு மேடைக்கும் உதவும் என்கிறார் ஒரு நண்பர். ஹெட்போன் மாட்டும் வசதி கட்டாயம் வேண்டும், ராத்திரி நான் தூங்க வேண்டும். நிறம் கறுப்பா, சிவப்பா? பழைய கிட்டாரில் ஒரு கம்பி அறுந்து எட்டு மாதம் ஆகிறது, அதிலேயேதான் தினமும் ராத்திரி ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறாள். எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் இல்லை. அதனால் நாமாகவே பெரிதாகச் செய்துவிடலாம் என்று தோன்றியது.

- ஒரு தந்தை

பதில்: எந்தக் கம்பி?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாடல் பெயர் இருக்கிறது, வாட் கணக்கு இருக்கிறது, நிறம் இருக்கிறது. ஆறு கம்பியில் அறுந்தது எது என்பது மட்டும் இல்லை. அந்தக் கிட்டார் எட்டு மாதமாக உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அவள் வாசிப்பது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்குக் காதிலும் விழுகிறது.

பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று கேட்டு எனக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. சைக்கிள், கேமரா, கம்ப்யூட்டர், கீபோர்டு. எல்லாவற்றிலும் பொருளைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கும். உங்கள் கடிதத்திலும் அந்த ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அதைவிட்டு நகர மாட்டேன்.

அறுந்தது இருப்பதிலேயே மெல்லிய முதல் கம்பி என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் மெல்லிய கம்பிகளில் ஒன்றுதான் அறும். எங்கும் அழுத்தாமல் அந்தக் கம்பியை மீட்டினால் வருகிற சுரம், பக்கத்து இரண்டாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைதான் ஃப்ரெட். அதாவது விரலே வைக்காமல் வர வேண்டிய ஒரு சுரத்துக்காக உங்கள் மகள் ஒவ்வொரு தடவையும் கையை ஐந்து கட்டம் நகர்த்திக்கொண்டு போகிறாள். பல சுரங்களை ஒன்றாக மீட்டுகிற கார்டு பிடித்தால் மேல் சுரம் விட்டுப்போகும். அதை ஈடுகட்ட வேறு விரல் அமைப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்திருப்பாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு மாதம், தினமும் ராத்திரி. இதைத்தான் நீங்கள் “ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

கிட்டாருக்கென்று கடையில் வாங்குகிற பொருள்களில் கம்பியைவிட மலிவானது அதிகம் இல்லை. பழகிய கைக்கு ஒரு கம்பி மாட்டப் பத்து நிமிஷம் போதும். நீங்கள் கஞ்சர் இல்லை, கஞ்சராக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கிளம்பியிருக்க மாட்டீர்கள். அன்பு இல்லாதவரும் இல்லை. பிறகு ஏன் எட்டு மாதம்? கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, இதற்கு நீங்கள் உங்களுக்குள்ளாவது பதில் சொல்லியாக வேண்டும்.

“எதையும் வாய்விட்டுக் கேட்கிற பெண் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் பெருமை தெரிகிறது. எனக்கு அதைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. கேட்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்று சொல்லிச் சொல்லியே அதன் வாயை அடைத்துவிடுகிறோம். ஒன்று கேட்டால் பத்து விசாரணை வரும், கூடவே மார்க் பேச்சும் வரும் என்று தெரிந்துகொண்ட பிள்ளை இருப்பதை வைத்துச் சமாளிக்கப் பழகிவிடும். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெற்றவர்களின் கடமை வாங்கிக் கொடுப்பதில் ஆரம்பிக்கிறது என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை எது இல்லாமல் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதில் ஆரம்பிக்கிறது. அவளுக்கும் இதில் பங்கு உண்டு. 15 வயதுப் பெண்ணுக்கு “அப்பா, கம்பி அறுந்துபோச்சு” என்று சொல்ல வர வேண்டும். அதை அவளிடம் சொல்லுங்கள், ஆனால் முதலில் நீங்கள் போய்க் கேளுங்கள்.

பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கிறது. அதற்கு முன்னால், இந்த வாரமே, பழைய கிட்டாரை எடுத்து மேஜைமேல் ஒரு பழைய துணியை விரித்துப் படுக்க வையுங்கள். மெல்லிய மூன்று கம்பிகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் நரம்பு மாதிரி இருந்தால் அது நைலான் கம்பி போடுகிற கிளாசிக்கல் கிட்டார், அதில் ஸ்டீல் கம்பி மாட்டக் கூடாது. ஸ்டீலின் இழுவிசை அதிகம், உடம்பின்மேல் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜே பெயர்ந்து வந்துவிடலாம். உலோகமாக இருந்தால் அக்கூஸ்டிக் ஸ்டீல் ஸ்ட்ரிங் செட் கேளுங்கள். அறுந்த ஒன்றை மட்டும் வாங்காமல் ஆறையும் மாற்றுங்கள். எட்டு மாதம் விரல் வியர்வை பட்ட கம்பிக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கம்பி தனியாகப் பளீரென்று கேட்கும், காதுக்கு ஒட்டாது. அவள் கையால் மாட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பழைய கம்பியைத் தளர்த்திக் கழற்றி, புதியதை முளையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மெல்ல முறுக்கி, விரலால் லேசாக இழுத்துவிட்டு மறுபடியும் சுருதி சேர்க்க வேண்டும். புதுக் கம்பி ஓரிரு நாள் இளகிக்கொண்டே இருக்கும், பதற வேண்டாம். மிச்சமிருக்கும் நுனியை வெட்டும்போது மட்டும் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எந்தக் கம்பி எப்போது அறுந்தது, ஏன் சொல்லவில்லை என்பதெல்லாம் தானாகவே வெளியே வரும்.

சரி, இனி எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வருவோம்.

அவளுக்குத் தெரியாமல் வாங்குவதை விட்டுவிடுங்கள். அசத்துவது உங்கள் ஆசை. கிட்டார் அவள் தோளில் தொங்கப் போகிறது, அவள் உள்ளங்கையில் உட்காரப் போகிறது. 1952-இல் கிப்சன் கொண்டுவந்தது லெஸ் பால், 1954-இல் ஃபெண்டர் கொண்டுவந்தது ஸ்ட்ராட்டோகாஸ்டர். இன்றைக்கும் கடையில் தொங்குகிற கிட்டார்களில் பலவும் இவை இரண்டின் சாயல்தான். ஸ்ட்ராட் வகையில் கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் ஏறக்குறைய 24.75. நீளம் குறைந்தால் கம்பி கொஞ்சம் மென்மையாக அழுந்தும், கட்டங்களும் ஒரு துளி நெருக்கமாக இருக்கும். ஆனால் லெஸ் பால் பல சமயம் நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும். சின்ன உடம்புக்கு அரை மணி நேரம் நின்று வாசித்தால் தோள் வலிக்கும். அவளுக்கு எது ஒத்துவரும் என்று நானோ நீங்களோ உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. கடைக்குக் கூட்டிப்போங்கள். உட்கார்ந்தும் வாசிக்கட்டும், ஸ்ட்ராப் போட்டு நின்றும் வாசிக்கட்டும். நீங்கள் கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.

புகழ்பெற்ற பெயர்தான் வேண்டும் என்றில்லை. ஃபெண்டரின் சிக்கன வரிசை ஸ்குவையர், கிப்சனுடையது எபிஃபோன். யமஹாவின் பசிஃபிகா வரிசையும் கற்றுக்கொள்பவர்களுக்கு ரொம்ப நம்பகமானது. பிக்கப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செம்புச் சுருளும் இருக்கும். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும், ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் தெளிவாகப் பேசும், ஆனால் மெல்லிய இரைச்சல் இருக்கும். இரட்டைச் சுருளான ஹம்பக்கர் இரைச்சலை அடக்கிக் கனமாகப் பேசும். இரண்டும் கலந்திருக்கும் கிட்டார் வாங்கினால் அவள் எந்தப் பக்கம் போக விரும்பினாலும் கை கொடுக்கும். அக்கூஸ்டிக்குக்கு வாங்கிய, வெண்கலம் சுற்றிய கம்பி இதற்கு ஆகாது, காந்தம் அதைச் சரியாகப் பிடிக்காது. இதற்கென்று தனி செட் இருக்கிறது, 9 என்று சொல்கிற மெல்லிய செட்டே அவளுக்குப் போதும். மெல்லியது என்பதால் அறுவதும் சுலபம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

என் மகனுக்கு முதல் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியபோது, கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மிதக்கும் பிரிட்ஜ் உள்ள ஒன்றை வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது. அதிலிருக்கும் கைப்பிடியை அசைத்தால் எல்லாக் கம்பியின் சுருதியையும் நெளிய வைக்கலாம். இரண்டாவது வாரம் ஒரு கம்பி அறுந்தது. அந்த வகை பிரிட்ஜ், ஒருபக்கம் ஆறு கம்பியின் இழுப்புக்கும் மறுபக்கம் ஸ்பிரிங்கின் இழுப்புக்கும் நடுவில் நிற்கிறது. ஒன்று போனதும் ஸ்பிரிங் ஜெயித்துவிட்டது, மீதி ஐந்தும் சுருதி ஏறிப் பிசகின. பிள்ளை சுருதி முளைகளைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டுக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். நான் விசாரிக்காமல் வாங்கியதற்கு அவன் அழுதான், அது என் தப்பு. உங்கள் மகள் எட்டு மாதம் ஐந்து கம்பியில் வாசித்தாளே, அந்தக் கிட்டாராக இருந்தால் ஒரு நாள்கூட முடிந்திருக்காது. அசையாத பிரிட்ஜ் உள்ளதாக வாங்குங்கள்.

வாங்குகிற இடத்திலேயே செட்டப் செய்து தரச் சொல்லுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் நல்லது. கம்பி மிக உயரமாக நின்றால் விரல் வலித்தே பல பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், பெற்றவர்கள் ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆம்புக்கு 100 வாட் வேண்டாம். வாட் பத்து மடங்கானால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும், ஆகவே 10 வாட்டே ஒரு அறையை நிறைத்துவிடும். 10-இலிருந்து 20 வாட்டுக்குள், எட்டு அங்குல ஸ்பீக்கரோடு, சுத்தமான ஒலிக்கு ஒரு சேனலும் கரகரப்பான ஒலிக்கு ஒரு சேனலும் இருந்தால் போதும். கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்ப் நல்லதுதான், ஆனால் சத்தமாக வைத்தால்தான் அதன் சுகம் வெளியே வரும். வீட்டுக்கு இப்போது வேண்டாம். வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் செருகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒலி தட்டையாகக் கீச்சிடும். மேடையைப் பற்றி அவள் மேடை ஏறும்போது யோசிக்கலாம்.

ஹெட்போன் வசதி இருக்கட்டும். ஊர் அடங்கிய பிறகு மாட்டிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் ஆம்பை இணைக்காமலே வாசிக்கட்டும், அவள் காதுக்கு மட்டும் மெல்லக் கேட்கும். ஆனால் அதைக் கட்டாயம் என்று எழுதினீர்களே, அந்தக் கட்டாயத்தை நான் ஏற்க மாட்டேன். சாயங்காலம் அரை மணி நேரமாவது ஸ்பீக்கரில் வாசிக்கட்டும், நீங்கள் அதே அறையில் இருங்கள். எட்டு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததை இனியாவது இந்தப் பக்கம் உட்கார்ந்து கேளுங்கள். அவள் வாசிப்பது உங்களுக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம், பரவாயில்லை, உட்காருங்கள்.

கையில் இருக்கிற பணம் முழுவதையும் கிட்டாரிலும் ஆம்பிலும் போட்டுவிடாதீர்கள். மூன்று மீட்டர் கேபிள், ஸ்ட்ராப், சுருதி பார்க்க ஒரு ட்யூனர், கம்பியை மீட்டுகிற வில்லையான பிக் நாலைந்து, உபரியாக இரண்டு ஸ்ட்ரிங் செட், இவற்றுக்கு எடுத்து வையுங்கள். அந்த இரண்டு செட்டும் அவள் மேஜை இழுப்பறையில் எப்போதும் இருக்கட்டும். ஒன்று தீர்ந்தால் அடுத்ததை வாங்கி வைப்பது உங்கள் பொறுப்பு.

கறுப்பா சிவப்பா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு எப்படித் தெரியும்? அவளைக் கேளுங்கள்.