ஹெச்பிவின்னதும் பதறாதீங்க டீச்சர்

அரிசோனாவுல அமெரிக்க பூர்வகுடியான நவஹோ பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல டீச்சரா இருக்கீங்க. கிளாஸ்ல ஏழு வயசு பொண்ணுக்கு கீழுதட்டு உள்பக்கம் குட்டி குட்டியா மேடு, வலி இல்ல, பல் டாக்டர் ஹெச்பிவின்னு (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) சொன்னாராம், அது உடலுறவுல பரவுற வைரஸ்னு நெனச்சு அதுல இருந்து ஸ்டாஃப் ரூம்ல வீட்ல யாரோ தப்பா நடந்திருக்காங்கன்னு பேச்சு, நான் என்ன பண்ணட்டும்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்த பேச்ச நிறுத்துங்க. ஹெச்பிவில 200 வகைக்கு மேல இருக்கு. கர்ப்பப்பை வாய் கேன்சர் கொடுக்கிறதுல முக்கியமானது 16, 18ம் நம்பர் வகைங்க. நீங்க சொல்ற அடையாளத்துக்கு ஹெக் நோய் மாதிரிதான் தெரியுது, அது 13, 32ன்னு வேற ரெண்டு வகையால வர்றது, எச்சில் வழியா, ஒரே ஸ்பூன் ஒரே தண்ணி பாட்டில்னு வீட்டுக்குள்ள பரவுறது, பாலியல் நோய் கிடையாது. 1965ல ஆர்ச்சர்ட், ஹெக், ஸ்டான்லி மூணு பேரும் இத பத்தி எழுதின கட்டுரை தலைப்புல 'இந்தியன் குழந்தைகள்'னு இருக்கும், காலேஜ்ல படிச்சப்ப நம்மூர் பிள்ளைங்கன்னே நெனச்சுட்டேன்! அமெரிக்க பூர்வகுடிங்கள சொன்னது அது. கிரீன்லாந்து இனுயிட் மக்கள், தென் அமெரிக்க பழங்குடிங்க கிட்டயும் நிறைய பாத்திருக்காங்க. பரம்பரை வாகும் ஒரு காரணமா இருக்கலாம், நெருக்கமா வாழற வீடும் சேந்துக்குது.

உதட்ட லேசா இழுத்து பாத்தா மேடு தட்டையாகி மறைஞ்ச மாதிரி ஆயிடும், நிறமும் சுத்தி இருக்கிற சதை மாதிரியேதான். இத நீங்க பண்ணாதீங்க, டாக்டர் பாக்கட்டும். பூக்கோசு மாதிரி காம்போட இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ அந்த சதைய கொஞ்சம் எடுத்து லேப்ல சோதிச்சு (பயாப்சி) பாக்கணும். மத்தபடி மருந்தே வேணாம், சில மாசத்துலயோ சில வருஷத்துலயோ பெரும்பாலும் தானா போயிடும், பல்லுல அடிக்கடி கடிபட்டா மட்டும் லேசரோ உறைய வைக்கிற சிகிச்சையோ பண்ணுவாங்க, அதுக்கப்புறமும் திரும்ப வரலாம். புத்துநோயா மாறும்னு பயப்பட வேண்டியதில்ல. ஸ்கூல விட்டு நிறுத்தவும் வேணாம், பாட்டில மட்டும் தனியா வெச்சுக்கட்டும்.

ஒன்னு மட்டும் தெளிவா சொல்லிடறேன், அந்த பொண்ணே ஏதாவது சொன்னாலோ நடவடிக்கைல சந்தேகம் வந்தாலோ ரிப்போர்ட் பண்றது உங்க கடமை, ஆனா உதட்டுல மேடு இருக்குன்னு மட்டும் வெச்சு ஒரு குடும்பத்த குத்தவாளி ஆக்கிடாதீங்க. அம்மாகிட்ட சொல்லி தம்பி தங்கச்சி வாயையும் டாக்டர்கிட்ட காட்ட சொல்லுங்க, ஒரே வீட்ல ரெண்டு மூணு பிள்ளைக்கு சேந்து வர்றது இதுல சகஜம்தான்.