டீசலை அளந்த பிறகுதான் நங்கூரம் தூக்க வேண்டும்

கடல்வழிக் கேள்விகள் – திருகோணமலையிலிருந்து

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றுக்கு நீளமாகப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. மூன்று பேர் நடுக்கடலில் நிற்கப்போகிறார்கள் என்ற பயம் எனக்கு. அதனால் மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 24 வருடம் தனியார் மோட்டார் யாட்களில் எஞ்சின் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 14 மீட்டர் நீளமான பழைய மோட்டார் யாட் ஒன்று வாங்கியிருக்கிறோம். பெப்ரவரியில் புக்கெட்டிலிருந்து நேரே திருகோணமலைக்கு வந்து, கோணேஸ்வரத்தைக் கும்பிட்டுவிட்டு, மாலைதீவுக்குப் போக விருப்பம். டீசல் தாங்கி 2,600 லீட்டர். 9 நொட் வேகத்தில் மணிக்கு 30 லீட்டர் முடிகிறது. தளத்தில் நான்கு பீப்பாய் ஏற்றினால் போதும் என்கிறார் படகை விற்றவர். ஏற்றலாமா? – சிங்கப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. நிரம்பிய 200 லீட்டர் பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 190 கிலோ இருக்கும். நான்கு பீப்பாய் என்றால் முக்கால் தொன். அந்தப் பாரத்தைத் தளத்தில் வைத்தால் படகு சாய்ந்துவிட்டு நிமிர நேரம் எடுக்கும். பாய் இல்லாத படகு வங்கக் கடல் அலையில் சும்மாவே உருளும். போதாததற்கு, கட்டு அறுந்த பீப்பாயை இரவில் பிடித்து நிறுத்த மூன்று பேரால் முடியாது.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 2,600 லீட்டர் 86 மணி நேரத்துக்கு வரும். ஒரு நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், ஆக 9 நொட்டில் அது 780 கடல் மைல். பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவால் வந்தால் புக்கெட்டிலிருந்து திருகோணமலை சுமார் 1,050 கடல் மைல். 270 மைல் குறைகிறது. நான்கு பீப்பாயையும் சேர்த்தால் இன்னும் 240 மைல். அப்போதும் போதாது!

இதற்கு வழி வேகத்தைக் குறைப்பதுதான். நீர்மட்டத்தில் 12.5 மீட்டர் நீளமுள்ள படகு எட்டரை நொட்டைத் தாண்டினால், தானே எழுப்பிய அலைமேட்டில் தானே ஏற வேண்டிவரும். நீங்கள் எரிக்கும் டீசலில் பெரும்பங்கு அந்த ஏற்றத்துக்குத்தான் போகிறது. உங்கள் படகு போன்ற ஒன்றில் 7 நொட்டுக்கு மணிக்கு 13 லீட்டர் என்று நான் அளந்திருக்கிறேன். அந்தக் கணக்கில் 1,050 மைலுக்கு 150 மணி நேரம், 1,950 லீட்டர். ஆறு நாளும் சில மணியும் ஆகும். 9 நொட்டில் போவதைவிட ஒன்றரை நாள்கூட அதிகமில்லை.

ஆனால் என் 13 லீட்டரை நம்பிப் புறப்படாதீர்கள். தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, பயணத்துக்கு வேண்டிய சாமானெல்லாம் ஏற்றி, ஒரே சுற்று வேகத்தில் ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு, மீட்டர் உள்ள பம்பில் திரும்ப நிரப்புங்கள். எத்தனை லீட்டர் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. எஞ்சின் கம்பனி தருவது வெறும் எஞ்சினின் கணக்கு. பாசி பிடித்த அடிப்பாகமும் ஒரு மாதச் சாப்பாடும் அதில் சேராது.

குளிரூட்டிக்காக ஜெனரேட்டர் 24 மணி நேரமும் ஓடினால், மணிக்கு 2 லீட்டர்படி 300 லீட்டர் போகும். அப்போது தாங்கியில் மிஞ்சுவது 350 லீட்டர். அடியில் கிடக்கும் கடைசி நூறு, நூற்றைம்பது லீட்டரை எஞ்சின் உறிஞ்சாது. ஆக உண்மையான கையிருப்பு 200 லீட்டர்தான். இது மிகவும் குறைவு. ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். தண்ணீர் சுத்திகரிக்கவும் குளிர்பெட்டிக்கும் பற்றரிக்கும் அது போதும். பெப்ரவரியில் வாடைக்காற்று பின்பக்கமிருந்து வரும், ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுக்கலாம். 250 லீட்டர் மிச்சம்.

மெதுவாகவே ஓடினால் டர்போ எஞ்சினில் கரி படியும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இருபது நிமிடம் வேகத்தைக் கூட்டி ஓட்டி அதை எரித்துவிடுங்கள். இரண்டு எஞ்சின் இருந்தால், ஒன்றை நிறுத்தி மற்றதில் ஓட ஆசை வரும். நிறுத்திய பக்கத்துப் புரொப்பெல்லர் தண்ணீர் ஓட்டத்தில் தானாகச் சுற்றுவதைச் சில கியர்பெட்டிகள் தாங்காது, எண்ணெய் ஓடாமல் கருகிவிடும். கியர்பெட்டிக் கையேட்டைப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

இன்னொரு வழி, அந்தமானிலுள்ள போர்ட் பிளேர். 2024இலிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம். புக்கெட்டிலிருந்து அங்கே சுமார் 400 மைல், அங்கிருந்து திருகோணமலை சுமார் 700. மொத்தத்தில் ஐம்பது மைல்தான் கூடுதல், நடுவில் டீசலும் நிரப்பலாம். இந்திய விசாவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், சோதனைகளுக்குப் பொறுமை வேண்டும், படகு நிற்கும் இடத்தை ஒவ்வொரு நாளும் ரேடியோவில் அறிவிக்க வேண்டும். நிக்கோபார் தீவுகளில் மட்டும் இறங்கவே முடியாது, அது பூர்வகுடிகளுக்கான நிலம்.

சரி, டீசல் போதும் என்று வைத்துக்கொள்வோம். அது சுத்தமா? ஒருமுறை இலங்கையின் தெற்கே உள்ள காலித் துறைமுகத்திலிருந்து மாலைதீவின் வடக்கே உலிகமுவுக்குப் போனோம். 440 மைல். புறப்படுமுன் ஓரிடத்தில் பீப்பாயிலிருந்து டீசல் வாங்கியிருந்தோம். முதல் நாள் கடல் தட்டையாகக் கிடந்தது, ஒரு குறையும் இல்லை. இரண்டாம் இரவு அலை எழும்பியது. தாங்கியின் அடியில் கிடந்த சேறும் தண்ணீரும் கலங்கி, இரவு இரண்டு மணிக்கு எஞ்சின் இருமத் தொடங்கியது. விடியுமுன் ஏழு பில்டர் மாற்றினேன். எட்டாவதுதான் கடைசி. அதைப் போடும்போது கை நடுங்கியது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. படகு பக்கவாட்டில் அலையை வாங்கி உருள, முதலாளியின் மனைவி டோர்ச் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே முழங்காலில் இருந்தார். காற்று தணிந்ததால் தப்பினோம்.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்வதைச் சொல்கிறேன். வாங்கும் டீசலில் முதல் ஐந்து லீட்டரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து அரை மணி நேரம் வைப்பேன். அடியில் தண்ணீர் கோடாகத் தெரிந்தால் அந்த டீசலை வாங்க மாட்டேன். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிப் புனல் வழியாகத்தான் ஊற்றுவேன், மணிக்கணக்கில் ஆனாலும் சரி. பில்டர் இரண்டு பக்கமாக இருக்க வேண்டும், ஒன்றை மாற்றும்போது மற்றதில் எஞ்சின் ஓட. பில்டருக்கு மேலே உறிஞ்சல் அளவுமானி பூட்டினால், அடைப்பு வருவதை முள்ளே முன்கூட்டிக் காட்டிவிடும். ஒரு டசின் பில்டர், தண்ணீர்ப் பம்புக்கு இரண்டு இம்பெல்லர், பெல்ட்டுகள் ஆகியவற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வாருங்கள். இங்கே கடையில் கேட்டு வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். வாகனத்துக்குக் கிடைக்கும், உங்கள் எஞ்சினுக்குக் கிடைக்காது.

திருகோணமலையில் நுழையுமுன் முகவர் ஒருவரை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சோதனைக்குக் காத்திருக்கிறோம் என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றி, ரேடியோ 16ஆம் அலைவரிசையில் துறைமுகக் கட்டுப்பாட்டைக் கூப்பிடுங்கள். உட்துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது. காட்டிய இடத்தில் மட்டும் நங்கூரம் போடுங்கள். வாடைக் காலத்தில்கூட உட்துறைமுகம் குளம் மாதிரி இருக்கும். கோட்டைக்கு வடக்கே கிடக்கும் குடா வாடைக்குத் திறந்தது. கரை அழகாக இருக்கிறது என்று பெப்ரவரியில் அங்கே போய் நிற்காதீர்கள். டீசல் பவுசரில் வரும், முகவரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள்.

அப்புறம் காலிக்குச் சுமார் 240 மைல். தென்கிழக்கு மூலையில் பெரிய இராவணன் கோட்டை, சின்ன இராவணன் கோட்டை என்று கடலுக்குள் இரண்டு பாறைத்திட்டுகள் உண்டு. பெரியதில் 1873இலும் சின்னதில் 1878இலும் கட்டிய வெளிச்சவீடுகள் இன்றும் நிற்கின்றன. இரண்டுக்கும் வெளியால் சுற்றிப் போங்கள், உள்ளால் குறுக்குவழி தேடாதீர்கள். தேவேந்திரமுனையில் கப்பல்களுக்கென ஒழுங்கை வகுத்திருக்கிறார்கள், அதற்கும் கரைக்கும் நடுவே செல்லுங்கள். அந்தப் பக்கம் நீலத் திமிங்கிலங்கள் மூச்சுவிட மேலே வரும். கண்டால் வேகத்தைக் குறையுங்கள். காலி தாண்டியபின் அந்தப் பருவத்தில் நீரோட்டம் மேற்கே இழுக்கும். அது உங்களுக்கு இலவச டீசல். மாலைதீவில் பவளப்பாருக்குள் நுழைவதைக் காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தலைக்கு மேல் நின்றால்தான் தண்ணீரின் நிறம் ஆழத்தைச் சொல்லும்.

கேள்வி: போன மாதம் ஒரு வெள்ளை யாட், கடலில் மிதக்கவிட்ட என் வழிவலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. டோர்ச் அடித்தபடி கிட்டப் போனேன், இன்னும் வேகமாக ஓடினார்கள். இப்படிச் செய்யலாமா? – குச்சவெளிக் கடற்றொழிலாளர்

பதில்: செய்யக் கூடாது அண்ணா. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் வேலை செய்த ஒரு யாட்டின் புரொப்பெல்லரில் இதே மாதிரி வலை சுற்றியது. தண்ணீருக்குள் இறங்கி, தண்டில் இறுகிய நைலோனைக் கத்தியால் வெட்டியவன் நான். வெட்டிய ஒவ்வொரு முழமும் யாரோ ஒருவர் கடன்பட்டு வாங்கியது. வலைக்காரரைத் தேடிப் பார்ப்போம் என்றேன், அந்தக் கப்டன் கேட்கவில்லை.

அவர்கள் ஏன் ஓடினார்கள் என்று சொல்கிறேன். இரவில் சின்ன வள்ளமொன்று வெளிச்சம் அடித்துக்கொண்டு வேகமாக வந்தால், கடற்கொள்ளைக்காரர் என்று பயந்துவிடுகிறார்கள். நீங்கள் வலையைக் காப்பாற்ற வருகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பைபர் வள்ளம் ரேடாரிலும் சரியாகத் தெரியாது. மூன்று அலுமினியத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திக் கம்பத்தில் கட்டுங்கள், ரேடாரில் நன்றாகத் தெரிவீர்கள். வலையின் இரண்டு தலைப்பிலும் விட்டுவிட்டு எரியும் லாம்பு போடுங்கள். அறுபட்டால் படகின் பெயர், கொடி, நேரம், ஜிபிஎஸ் எண் எல்லாவற்றையும் எழுதி, கடற்றொழில் பரிசோதகரிடமும் உங்கள் சங்கத்திடமும் அன்றைக்கே கொடுங்கள்.

இதை வாசிக்கும் யாட்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் இரவோட்டம் என்றால் இருபது மைலாவது வெளியே போங்கள். வெளிச்சம் அடித்தால் ஓடாதீர்கள். கியரை நடுநிலைக்கு எடுத்துவிட்டு, "வலை எந்தப் பக்கம்?" என்று கத்துங்கள். தமிழ் தெரியாத கப்டன் என்றால் அந்த மூன்று சொல்லையும் அவர் எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கையைக் காட்டி வழி சொல்லாமல் போன வள்ளக்காரரை நான் கண்டதில்லை.

கேள்வி: மாமாவின் யாட்டில் வருகிறோம். புறாத்தீவில் நங்கூரம் போட்டு இரவு தங்கலாமா? – கனடா வாசகி

பதில்: முடியாது தங்கச்சி. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. ஒரு நங்கூரச் சங்கிலி காற்றோடு ஒரு சுற்றுச் சுற்றினால், பல வருடம் வளர்ந்த பவளம் ஒரு மணி நேரத்தில் தூளாகும். யாட்டை உட்துறைமுகத்தில் விட்டுவிட்டு, வாகனத்தில் நிலாவெளிக்குப் போய், டிக்கெட் எடுத்து அங்குள்ளவர்களின் வள்ளத்தில் போங்கள். அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தண்ணீர் தெளிவு.

கேள்வி: யாட்டில் வேலை செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? – மூதூர் இளைஞர்

பதில்: அடிப்படைக் கடற்பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, கடலோடிகளின் வேலையைப் பதியும் சி.டி.சி. புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அது கைக்கு வரும்வரை கொட்டியாரக் குடாவில் யாருடைய டீசல் வள்ளத்திலாவது ஏறி எஞ்சினோடு இருங்கள். மணிக்கு ஒரு தடவை எண்ணெய் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, சுற்று வேகம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதம் எழுதிய அந்தக் கொப்பியை நேர்முகத்துக்குக் கொண்டுபோங்கள். நான் ஆள் எடுத்த காலத்தில் சான்றிதழுக்கு முன் அதைத்தான் விரித்துப் பார்ப்பேன்.