மேட்ச் நடுவே வரும் விளம்பரம்: ஒரே ஒரு புகார் போதுமா?

கேள்வி: மேட்ச் இடைவேளை விளம்பரங்களில் ஆண்கள் ஓடுகிறார்கள், ஜெயிக்கிறார்கள், பெண்கள் கைதட்டுகிறார்கள், இல்லையென்றால் ஜெர்சி துவைக்கிறார்கள். என் மகளும் கூடவே உட்கார்ந்து பார்க்கிறாள். நான் ஒருத்தி புகார் கொடுத்தால் மதிப்பார்களா? ஆயிரம் கையெழுத்து சேர்த்துத் தருவதாக ஒரு குழு சொல்கிறது. சேரலாமா?

பதில்: சேராதீர்கள். நீங்கள் ஒருவரே போதும்.

ஆண் இப்படி, பெண் இப்படி என்று தீங்கு செய்யும் வகையில் முத்திரை குத்தும் விளம்பரங்களைத் தடுக்கும் விதி பிரிட்டனில் 2019 ஜூனில் அமலானது. முதலில் சிக்கியவை இரண்டு. ஒன்று ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம். விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள், செயற்கைக் கால் பொருத்திய வீரர் நீளம் தாண்டுகிறார்; ஒரு பெண்ணோ குழந்தையின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். அதற்கு வந்தவை மூன்றே புகார்கள். குழந்தையைக் கவனிக்கத் தெரியாத அப்பாக்களைக் காட்டிய ஃபிலடெல்ஃபியா சீஸ் விளம்பரத்துக்கு 128. இரண்டுக்கும் ஒரே தடைதான்.

அப்புறம் எதற்குக் கையெழுத்து வேட்டை? பல குழுக்களுக்கு வேண்டியது உங்கள் செல்பேசி எண், அடுத்து நன்கொடை. புகார் கொடுப்பதற்கு நீங்கள் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. கோபத்தில் அந்த விளம்பரத்தை நாலு பேருக்கு அனுப்பவும் வேண்டாம். அது கம்பெனிக்கு நீங்கள் இலவசமாகச் செய்து கொடுக்கும் விளம்பரம்.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பெண் துவைப்பதைக் காட்டுவது குற்றமில்லை. ஆண் துளைபோடும் கருவியைப் பிடித்திருப்பதும் குற்றமில்லை. பிரிட்டன் விதியின் விளக்கமே இதைச் சொல்கிறது. வீடே இறைந்து கிடக்க, ஆண் காலை நீட்டி மேட்ச் பார்க்க, சுத்தம் செய்வது அவள் ஒருத்தியின் பொறுப்பு என்று காட்டினால்தான் தவறு. எனவே "பெண்ணைத் துவைக்க விட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. யார் என்ன செய்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்று காட்சியாக எழுதுங்கள். சேனல், தேதி, நேரம், பொருளின் பெயர் கட்டாயம் வேண்டும். உங்கள் நாட்டின் விளம்பரத் தர அமைப்புக்கு நேரடியாக அனுப்புங்கள். இந்தியாவில் அது இந்திய விளம்பரத் தரநிலைகள் கவுன்சில்.

எனக்கு எரிச்சல் வருவது வேகத்தைப் பார்த்துத்தான். பிரிட்டனில் தீர்ப்பு வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். இரண்டு மாதத்தில் ஒரு போட்டித் தொடரே முடிந்துவிடும்! அந்த இரண்டு விளம்பரங்களும் ஒளிபரப்புக்கு முந்தைய தணிக்கையில் தேறியவை வேறு. வேகம் முடியாத காரியமும் இல்லை. 2022 ஜூனில் கிரிக்கெட் ஒளிபரப்பின்போது வந்த ஒரு பாடி ஸ்பிரே விளம்பரம், கூட்டு வன்புணர்வைச் சாடையாகக் காட்டியதற்காக இந்தியாவில் சில நாட்களுக்குள் நிறுத்தப்பட்டது. அவ்வளவு கொடூரமாக இருந்தால்தான் அவசரம் வருமா? அதனால் இறுதிப் போட்டி வரை காத்திருக்காதீர்கள். விளம்பரத்தைப் பார்த்த அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.