அரைப் பக்கக் கட்டுரை

வணக்கம் ஐயா,

வன்னியில், துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். இந்தத் தவணையில் தரம் 10 மாணவரைக் கொண்டு கையெழுத்துச் சஞ்சிகையொன்று வெளியிட எண்ணி, தங்கள் விருப்பங்கள், அனுபவங்கள், பாடசாலை வாழ்வு ஆகியவற்றில் ஒன்றைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டேன். கிடைத்த 31 கட்டுரைகளில் பெரும்பாலானவை "பாடசாலை எமது இரண்டாவது வீடு" என்றே தொடங்குகின்றன. அனுபவத்தைத் தெரிவு செய்தவர்களோ தாங்கள் பிறக்குமுன் முடிந்த போரை மேடைப் பேச்சுகளில் கேட்ட சொற்களால் எழுதியிருக்கிறார்கள். ஒருவன் மாத்திரம் தகப்பனாரின் லான்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியுள்ளான். அதிலும் பேச்சுச் சொற்களே அதிகம். அதன் படத்தை இணைத்துள்ளேன். திருத்தி எழுதுவிப்பதா, விட்டுவிடுவதா? மற்றவர்களை எப்படி எழுத வைப்பது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்த அரைப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன். மார்கழிக் குளிரில் இயந்திரம் இலகுவில் பற்றாது என்பதையும், பற்றிய கணமே, சுற்றி இயக்கும் கைபிடியை உருவாவிட்டால் அது மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும் என்பதையும், பின்னால் கொளுவிய பெட்டியில் குந்தியிருந்து வருவதால் வெள்ளைச் சட்டையில் ஏறும் டீசல் மணத்தைப் பக்கத்து மேசைக்காரன் சொல்லிக் காட்டுவதையும் அவன் எழுதியிருக்கிறான். விருப்பம், அனுபவம், பாடசாலை வாழ்வு என்று நீங்கள் கேட்ட மூன்றும் அதற்குள் இருக்கின்றன. எழுத்துப் பிழைகளைத் திருத்துங்கள். 'குந்தி' என்பதை 'அமர்ந்து' ஆக்கிவிட வேண்டாம். லான்ட்மாஸ்டர் பெட்டியின் விளிம்பில் எவரும் அமர்வதில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்கு எனக்கொரு சொந்தக் காரணம் உண்டு. அவன் வயதில் நான், ஆனி மாதத்தில் காட்டுக்குள் பாலைப்பழம் தின்று, அதன் பாலில் உதடுகள் ஒட்டிக்கொள்ள, வீட்டில் கேட்ட கேள்விக்கு வாய் திறக்க முடியாமல் நின்ற கதையை எழுதிக் கொடுத்தேன். 'கட்டுரைக்குப் பொருந்தாது' என்ற சிவப்பு மைக் குறிப்போடு கொப்பி திரும்பி வந்தது. அடுத்த முறை சூரியன் பொற்கதிர்களைப் பரப்பினான், புள்ளியும் கிடைத்தது. மீண்டும் பாலைப்பழத்தை எழுதுவதற்கு எனக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

மற்ற முப்பது பேரிலும் குற்றம் காண மாட்டேன். நீங்கள் கொடுத்த தலைப்புகள் வினாத்தாளில் வரும் தலைப்புகள். அவற்றைக் கண்டதும் மனனம் செய்த முன்னுரையை நோக்கித்தான் கை போகும். சாதாரண தரப் பரீட்சை வரை அந்த முன்னுரை அவர்களுக்குத் தேவை. அதற்கென்று ஒரு கொப்பி இருக்கட்டும். சஞ்சிகைக்கு வேறு விதமாகக் கேளுங்கள். வவுனிக்குளம் நிரம்பி வான் பாயும் நாளில் வகுப்பில் எத்தனை கதிரைகள் வெறுமையாக இருந்தன, அந்தக் கதிரைக்காரர் மறுநாள் என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டால், மீன் பிடிக்கப் போனவனிடமிருந்து ஒரு பக்கமாவது வரும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் கடல்நீரில் விளக்கெரிவதை எழுதுவார்கள். அன்றிரவு எங்கே படுத்தாய், யாருடைய செருப்புத் தொலைந்தது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாருடைய கைத்தொலைபேசியை எந்த நேரத்தில் எடுக்கலாம் என்பதுகூட நல்ல தலைப்புத்தான். அதை எழுதினால் ஏச்சு விழுமோ என்று அவர்கள் தயங்குவார்கள், முதலில் நீங்கள் உங்களுடையதைச் சொல்லிவிடுங்கள்.

போரைப் பற்றிய கட்டுரைகளுக்கு வருகிறேன். 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள் அவர்கள். 'வன்னிப் பிள்ளை அனுபவம் எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும்' என்று வெளியூர்களிலிருந்து வரும் பெரியவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எதிர்பார்த்ததைக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதச் சொல்லவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். போர் அவர்கள் வீடுகளில் வேறு வடிவில் இருக்கிறது: பூமாலை போட்ட ஒரு படம், அம்மம்மா வாசற்பக்கம் பார்த்திருக்கும் நேரம், காணிக்குள் மண்வெட்டி போடப் பயந்து விட்டுவைத்த ஒரு மூலை. அப்படியொன்றை யாராவது எழுதிக் கொண்டுவந்தால், அதன் மீது பேனையை வைக்காமல் வாசியுங்கள். சஞ்சிகையில் சேர்க்குமுன் அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கட்டாயம் கேளுங்கள். பெயரை மறைத்தாலும் எந்த வீடு என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். ஒருவருடைய துக்கத்தைப் பாடசாலை முழுவதும் கைமாறி வாசிக்க விடுவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

லான்ட்மாஸ்டர்காரனிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். தகப்பனார் கைபிடியைச் சுற்றுவதை எழுதியிருக்கிறானே, அவனே எப்போதாவது சுற்றிப் பார்த்தானா? அரைப் பக்கத்தில் அது இல்லை. மீதி அரைப் பக்கம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.