குழாயை மாற்றும் முன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

சென்னை மடிப்பாக்கத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “15 வருடப் பழைய தனி வீடு. மழை பெய்தால் போர்டிகோவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, அரை நாள் ஆகியும் வடிவதில்லை. பிளம்பர் 4 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 6 அங்குலம் போடச் சொல்கிறார். போடலாமா?”

அவசரப்படாதீர்கள். குழாய் சிறியது என்றால் மழை நின்றதும் கொஞ்ச நேரத்திலாவது வடிந்திருக்க வேண்டும். அரை நாள் நிற்கிறது என்றால் எங்கோ அடைத்திருக்கிறது, இல்லை போகிற இடம் உங்கள் தரையைவிட உயரமாக இருக்கிறது.

முதலில் சேம்பர் (மழைத் தண்ணீர் குழாய்க்குள் போகுமுன் வந்து சேரும் குழி) மூடியைத் திறங்கள். வெளியேறும் குழாயின் வாய்க்குக் கீழே அரை அடியாவது காலியாக இருக்க வேண்டும், வண்டல் தங்குவதற்காகத்தான் அந்த இடம். பல வீடுகளில் குழாய் வாயின் பாதி வரை கறுப்புச் சேறும் வேப்பிலையும் அப்பிக் கிடக்கும். அள்ளிவிட்டு இரண்டு வாளி தண்ணீரை வேகமாக ஊற்றுங்கள், கடகடவென்று இறங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இறங்கவில்லையா? கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாய்) வாங்கி, போர்டிகோ தரையையும் தெரு வடிகாலில் உங்கள் குழாய் போய்ச் சேரும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு வீடுகளைப் பள்ளமாக்கியிருக்கிறார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. தெரு வடிகால் உங்கள் தரையைவிட உயரமாக இருந்தால், 6 அங்குலக் குழாய் போட்டால் தெருத் தண்ணீர்தான் இன்னும் தாராளமாக உள்ளே வரும். தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றும், வீட்டுத் தண்ணீரை வெளியேற்ற சின்னத் தொட்டியும் பம்ப்பும்தான் வழி.

அப்புறம் மொட்டை மாடி. 1,000 சதுர அடி மாடியில் 100 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர் வரும். அது மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறதா, போர்டிகோவில் கொட்டுகிறதா என்று பாருங்கள். தொட்டியின் மேலே உள்ள மணலில் வண்டல் ஏடுபோல் படிந்திருந்தால் தண்ணீர் இறங்காது, மேலே இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ஆற்று மணல் போடுங்கள். உறைக்கிணறாக இருந்தால் ஆளை மட்டும் உள்ளே இறக்கிவிடாதீர்கள், விஷவாயு இருக்கலாம். தண்ணீர் போகவில்லை என்று கழிவுநீர்க் குழாயில் இணைக்கவும் வேண்டாம், கனமழையில் அது கழிப்பறை வழியே திரும்பி வரும்.

இதையெல்லாம் செப்டம்பருக்குள் முடியுங்கள், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். முதல் நல்ல மழையில் குடையோடு பத்து நிமிடம் வெளியே நின்று, தண்ணீர் எந்த மூலையில் முதலில் தேங்குகிறது என்று வீடியோ எடுத்து வையுங்கள். பிளம்பரிடம் அதைக் காட்டிப் பேசுங்கள்.