லினக்ஸில் டேப் ரைட் எரர்: டேப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: லினக்ஸ் சர்வரிலிருந்து எல்டிஓ (LTO, பேக்கப்புக்கான காந்த நாடா வகை) டேப்புக்கு பேக்கப் எடுக்கும்போது பாதியில் ரைட் எரர் வந்து நின்றுவிடுகிறது. கெட்டது டேப்பா, டிரைவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டேப்பை உடனே தூக்கிப் போடாதீர்கள். இந்தக் கேள்விக்கு எங்கே போனாலும் முதலில் வரும் பதில் "புது டேப் போட்டுப் பாருங்கள்" என்பதுதான். அடுத்தது "கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போடுங்கள்", அதாவது டிரைவைச் சுத்தம் செய்யும் டேப்பைப் போடுங்கள் என்பது. இரண்டும் தப்பு என்று நான் சொல்லவில்லை, சில சமயம் அதிலேயே சரியாகியும் விடும். ஆனால் எரர் எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்காமல் இவற்றைச் செய்தால், நல்ல டேப்புகள் குப்பைக்குப் போகும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படிப் போன டேப்புகளைக் கண்ணால் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் டார் (tar, ஃபைல்களை ஒன்றாகக் கட்டி எழுதும் கட்டளை) வைத்துத்தான் எழுதுகிறீர்கள், திரையில் "இன்புட்/அவுட்புட் எரர்" என்ற ஒற்றை வரியை மட்டும்தான் பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எழுத முடியவில்லை என்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் சொன்னதை டார் அப்படியே நம்மிடம் சொல்கிறது, அவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்பது கர்னல் லாகில் இருக்கிறது. டிமெசேஜ் (dmesg) கட்டளையை ஓட்டி, எஸ்டி0 (st0, டேப் டிரைவின் பெயர்) என்று இருக்கும் வரிகளைத் தேடுங்கள். அதில் "சென்ஸ் கீ" என்று ஒன்று இருக்கும். டிரைவ் தன் வாயால் சொன்ன காரணம் அது.

மீடியம் எரர் என்றால் டேப்பின் மேற்பரப்பில் எழுத முடியவில்லை என்று பொருள். அதற்காக டேப்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது, அதற்குப் பிறகு வருகிறேன். ஹார்டுவேர் எரர் என்றால் டிரைவுக்குள்ளேயே கோளாறு. அபார்ட்டட் கமாண்ட் வந்தாலோ, "பவர் ஆன், ரீசெட்" என்ற வாசகத்தோடு யூனிட் அட்டென்ஷன் வந்தாலோ டேப்பை விட்டுவிட்டு கேபிள், கன்ட்ரோலர் கார்டு, மின்சப்ளை ஆகியவற்றைப் பாருங்கள். டிரைவை ரெய்டு கார்டில் (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் கார்டு) மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிச் சாதாரண எச்பிஏ (HBA, டிரைவை நேரடியாக இணைக்கும்) கார்டில் மாட்டுங்கள். ரெய்டு கார்டுகள் வட்டுகளுக்காகச் செய்யப்பட்டவை, பெரும்பாலானவற்றில் டேப் டிரைவுக்கு ஆதரவே கிடையாது. டேட்டா புரொடெக்ட் என்றால் கார்ட்ரிட்ஜின் எழுத்துத் தடைப் பொத்தான் நகர்ந்திருக்கலாம், அல்லது தலைமுறை பொருந்தவில்லை. எல்டிஓ-7 டிரைவ் எல்டிஓ-5 டேப்பைப் படிக்கும், எழுதாது. எல்டிஓ-8 டிரைவுக்கு எல்டிஓ-6 டேப்பைப் படிக்கக்கூடத் தெரியாது.

அதே வரியில் அடைப்புக்குறிக்குள் "கரன்ட்" என்றோ "டெஃபர்டு" என்றோ இருப்பதையும் கவனியுங்கள். டிரைவ் நாம் அனுப்பும் தரவைத் தன் பஃபரில் வாங்கிக்கொண்டு உடனே "ஆயிற்று" என்று சொல்லிவிடும், டேப்பில் எழுதுவது அப்புறம்தான். ஆகவே டெஃபர்டு என்று இருந்தால், டார் அந்த நேரத்தில் அனுப்பிய பிளாக்குக்கும் (ஒரே தடவையில் எழுதும் தரவுத் துண்டு) எரருக்கும் சம்பந்தமில்லை, அதற்கு முன்னால் போனது ஒன்று விழுந்திருக்கிறது. "இந்தக் குறிப்பிட்ட ஃபைல் வந்தாலே எரர் வருகிறது" என்று ஃபைலைச் சந்தேகப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது உதவும்.

கர்னல் லாகில் சென்ஸ் வரியே இல்லையா? அப்படியென்றால் பெரும்பாலும் பிளாக் அளவுச் சிக்கல். டிரைவ் நிலையான பிளாக் அளவில் இருக்க, நீங்கள் அதன் மடங்காக இல்லாத அளவில் எழுதினால் "இன்வேலிட் ஆர்கியுமென்ட்" வரும். டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி (mt) கட்டளையில் செட்பிளாக் (setblk) 0 கொடுத்தால் மாறும் பிளாக் அளவுக்குப் போய்விடும். டார் வழக்கமாக 20 என்ற பிளாக்கிங் எண்ணோடு 10 கிலோபைட் பிளாக்காக எழுதும், எல்டிஓவுக்கு அது மிகச் சிறியது. 512 என்று கொடுத்தால் 256 கிலோபைட் ஆகும். அந்த எண்ணை டேப்பின் லேபிளில் எழுதி வையுங்கள், மீட்கும்போது தேவைப்படும்.

இப்போது மீடியம் எரருக்கு வருகிறேன். உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஓரிடத்தில் இரண்டு டிரைவ் கொண்ட டேப் லைப்ரரி (டேப்புகளைத் தானே எடுத்து மாற்றும் பெட்டி) இருந்தது. முதல் டிரைவ் இரவில் பேக்கப் எழுதும். இரண்டாவது, எழுதிய டேப்புகளில் சிலவற்றைப் பகலில் படித்துச் சரிபார்க்கும். திடீரென்று முதல் டிரைவில் ரைட் எரர் வர ஆரம்பித்தது. சென்ஸ் கீ மீடியம் எரர், கூடுதல் குறிப்பும் ரைட் எரர் என்றே சொன்னது. ஒரே டேப்பில் அல்ல, வேறு வேறு டேப்புகளில், வேறு வேறு இடங்களில். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனம் முதலில் கிளீனிங் போடச் சொன்னது, பிறகு டிரைவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றச் சொன்னது, கடைசியில் டிரைவையே மாற்றியது. புது டிரைவிலும் அதே எரர். உடனே "உங்கள் டேப்புகள் தரமில்லை, எல்லாவற்றையும் மாற்றுங்கள்" என்றார்கள். புது டேப்புகள் வாங்கப்பட்டன, முதல் சுற்றில் ஒரு பிழையும் இல்லை. எல்லோரும் பிரச்சினை முடிந்தது என்றார்கள். அந்த டேப்புகள் சுழற்சியில் திரும்பி வந்து, மேலே எழுதப்பட்டபோது அவற்றில் சிலவற்றில் மறுபடியும் ரைட் எரர்.

சில டேப்புகளில் வருகிறது, சிலவற்றில் வரவில்லை, எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை. அந்த வித்தியாசம்தான் என்னை உறுத்தியது. எல்டிஓ கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நினைவகச் சில்லு உண்டு. டேப் எத்தனை முறை ஏற்றப்பட்டது, வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டது, கடைசி நான்கு முறை எந்தெந்த டிரைவில் ஏறியது என்பதெல்லாம் அதில் பதிவாகும். கடைசியாகச் சொன்னது டிரைவின் சீரியல் எண்ணோடு இருக்கும். எஸ்ஜி3 யூட்டில்ஸ் (sg3_utils) தொகுப்பில் இருக்கும் எஸ்ஜி ரீட் ஆட்டர் (sg_read_attr) என்ற கட்டளை இதைப் படித்துக் காட்டும். எரர் வந்த டேப்புகளையும் வராதவற்றையும் படித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எரர் வந்த அத்தனை டேப்பிலும் இரண்டாவது டிரைவின் சீரியல் எண் இருந்தது. சரிபார்ப்புக்குப் போகாத டேப் ஒன்றில்கூட எரர் இல்லை.

அதாவது, எரர் காட்டிய டிரைவ் நிரபராதி. படிக்க மட்டுமே பயன்பட்ட, ஒரு தடவைகூட எரர் சொல்லாத இரண்டாவது டிரைவ்தான் டேப்பின் ஓரத்தைச் சிதைத்துக்கொண்டிருந்தது. படிக்கும்போது பிழைதிருத்தம் இருப்பதால் அது எப்படியோ சமாளித்துப் படித்துவிடும். அந்தக் காயம்பட்ட ஓரத்தின் மேல் மறுபடி எழுத வரும்போதுதான் முதல் டிரைவ் மாட்டிக்கொள்ளும். இரண்டாவது டிரைவைத் திறந்து பார்த்தபோது டேப்பை வழிநடத்தும் உருளை ஒன்று தேய்ந்திருந்தது. அதை மாற்றிய பிறகு புதிதாக எந்த டேப்பும் கெடவில்லை.

"எங்களிடம் ஒரே டிரைவ்தான், இந்தக் கதை எனக்கு எதற்கு" என்று கேட்கலாம். ஒரே டிரைவ் என்றாலும், டேப் அதற்கு முன் எங்கெல்லாம் போய்வந்தது என்பது முக்கியம். பழைய டேப்புகளை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். காந்தக் கருவியால் அழிக்கப்பட்ட எல்டிஓ டேப்பை எந்த டிரைவாலும் எழுத முடியாது, ஏனென்றால் தொழிற்சாலையில் பதித்த வழிகாட்டித் தடங்களும் சேர்ந்து அழிந்துபோயிருக்கும். பெரிய பேக்கப் மென்பொருள் வைத்திருப்பவர்கள் "இதெல்லாம் எங்கள் மென்பொருளே காட்டும்" என்று பின்னூட்டத்தில் சொல்லக்கூடும். காட்டினால் நல்லது. நான் வேலை செய்த இடத்தில் மென்பொருள் காட்டியது "ரைட் எரர்" என்பதை மட்டும்தான்.

எரர் வருவதற்கு முன்பே நிலைமை மோசமாகிறதா என்று தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. எல்டிஓ டிரைவில் எழுதும் தலைக்குப் பின்னாலேயே படிக்கும் தலை இருக்கும், எழுதியது சரியாக விழுந்ததா என்று அந்தக் கணமே பார்க்கும். சரியில்லையென்றால் அதே தரவை இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி எழுதிவிடும். நமக்கு எதுவும் தெரியாது, வேகம் குறையும், டேப் சீக்கிரம் நிரம்பும். 2.5 டெராபைட் பிடிக்க வேண்டிய எல்டிஓ-6 டேப் அதைவிட வெகு முன்னதாகவே "இடமில்லை" என்று நின்றால், இதைச் சந்தேகப்படுங்கள். அதே தொகுப்பின் எஸ்ஜி லாக்ஸ் (sg_logs) கட்டளையில் 0x2 பக்கம் எழுதும்போது திருத்திய பிழைகளையும், திருத்த முடியாதவற்றையும் தனித்தனியாகக் காட்டும். 0x2e பக்கம் டேப் அலர்ட் கொடிகள், அதாவது டிரைவ் தரும் எச்சரிக்கைகள், மொத்தம் 64. அதில் 20வது கொடி ஏறியிருந்தால் இப்போதே சுத்தம் செய் என்று டிரைவே கேட்கிறது, அப்போது கிளீனிங் போடுங்கள். அது கேட்காதபோது திரும்பத் திரும்பப் போடுவதில் தலைக்குத் தேய்மானம்தான் மிச்சம். எம்டிஎக்ஸ் (mtx) தொகுப்பின் டேப்இன்ஃபோ (tapeinfo) கட்டளையும் இந்தக் கொடிகளைக் காட்டும்.

தரவு மெதுவாக வந்தாலும் டேப் பாதிக்கப்படும். டிரைவ் குறைக்கக்கூடிய குறைந்தபட்ச வேகத்துக்குக்கூடத் தரவு வரவில்லையென்றால் அது நின்று, பின்னால் போய், மறுபடி ஓடத் தொடங்கும். இது இரவு முழுக்க நடந்தால் டேப்பும் தலையும் தேயும். நடுவில் தரவைச் சேர்த்துவைத்து அனுப்பும் எம்பஃபர் (mbuffer) கட்டளையைப் போட்டு, நிறையத் தரவு சேர்ந்த பிறகு எழுதுமாறு வையுங்கள்.

இதற்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. அந்த எரரோடு மல்லாடிக்கொண்டிருந்த காலத்தில் இணையத்தில் அதே அறிகுறியோடு யாரோ கேட்ட கேள்விகளைத் தேடித் தேடிப் படித்தேன். பல இடங்களில் கேட்டவரே கடைசியாக வந்து "சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். என்ன செய்து சரியானது என்று ஒரு வரி இல்லை. உதவ முன்வந்தவர்கள் கேட்ட கேள்விகளுக்கும் பதில் இல்லை. அந்த ஒரு வரியை எழுத ஒரு நிமிடம் ஆகுமா? பின்னால் வருகிறவனுக்கு அதில் எத்தனை இரவுகள் மிச்சமாகும்! இன்னொரு கூட்டம், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் "இந்தக் காலத்தில் டேப்பா, கிளவுடுக்கு மாறுங்கள்" என்று எழுதிவிட்டுப் போகும். வெளியே எடுத்து அலமாரியில் வைத்த டேப்பை எந்த ரான்சம்வேராலும் எட்ட முடியாது, அதற்காகத்தான் இன்னும் டேப் வைத்திருக்கிறோம். கேட்டவர் அது தெரியாமலா கேட்கிறார்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எரர் வந்த டேப்பை "இதில் எழுதுகிறதா பார்ப்போம்" என்று நல்ல டிரைவில் போடாதீர்கள். ஓரம் கிழிந்த டேப் நல்ல டிரைவின் தலையையும் கெடுக்கும். முதலில் புது டேப் ஒன்றை எரர் வந்த டிரைவில் போட்டு, எழுதுவதற்கு முன்னும் பின்னும் 0x2 பக்கத்தின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புது டேப்பிலும் எண்கள் வேகமாக ஏறினால் டிரைவைச் சந்தேகப்படலாம். ஏறவில்லையென்றால் பழைய டேப்பின் சில்லைப் படியுங்கள். அதற்காக ஏற்ற வேண்டியிருக்கும், சந்தேகத்துக்குரிய டிரைவிலேயே ஏற்றிப் படித்துவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். டேப்பில் வேறெங்கும் இல்லாத தரவு இருந்தால், மேலே எதையும் எழுதாமல் முதலில் அதைப் படித்து வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிமெசேஜில் வந்த சென்ஸ் வரிகளையும், டிரைவ் எந்தக் கார்டில் மாட்டியிருக்கிறது என்பதையும், அந்த டேப் கடைசியாக ஏறிய நான்கு டிரைவ்களின் சீரியல் எண்களையும் கேள்வியிலேயே சேருங்கள். பார்த்துச் சொல்கிறேன்.